இடது முன் சக்கரம்

கருங்கலில் இருந்து தேங்காப்பட்டணம் போகையில்
மூன்றாவது கியரில் முதலில் கேட்டது.
டக்.
பிறகு ஒன்றுமில்லை.
புதுக்கடை தாண்டியதும் மறுபடி
டக். டக்.

பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
அதற்குள் ஏதோ உருளுகிறது என்று நினைத்தேன்.
ரேடியோவை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன்.
ஒரு நீள மதிலை ஒட்டிப் போகும்போது
சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வந்து
இடத்தைச் சொன்னது:
இடது. முன்.
நேற்று சாயங்காலம் நான் கை வைத்த சக்கரம்.

பிரேக் பேட் மாற்றியிருந்தேன்.
பின்சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து,
ஜாக்கியை மட்டும் நம்பாமல்
அயனித் தடி ஒன்றை அடியில் தள்ளி,
நட்டு நாலையும் மீன்சட்டி மூடியில் போட்டு.
காலிப்பரின் மேல் போல்ட், கீழ் போல்ட்,
இரண்டையும் ஸ்பானர் முனகும்வரை பிடித்தேன்.
நல்ல ஓர்மை இருக்கிறது.
சக்கரத்தை ஏற்றினேன்.
ஒன்று, அதற்கு எதிரே இன்னொன்று என்று
விரலால் ஓடும்வரை ஓட்டினேன்.
தரையில் இறக்கினேன், இனி முறுக்க வேண்டியதுதான்.
அப்போது போன்.

லேபிலிருந்து செலின் ரோஸ்.
நாளைக் காலை இரையுமன்துறையில் ஆறு வீடு,
வெறும் வயிறு, சர்க்கரை,
ஒரு பெயரை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.
பேனா தேடி உள்ளே போனேன்.
மழை வந்தது. கொடியில் துணி.
திரும்பி வந்தபோது
கார் நாலு காலில் நின்றது.
நாலு காலில் நிற்கும் எதையும்
முடிந்த வேலை என்றுதான் கண் சொல்லும்.
வீல் கேப்பைத் தட்டி மாட்டினேன்.
மூடியைச் சாம்பல் போட்டுக் கழுவி
சட்டியின் மேலேயே வைத்துவிட்டேன்.

இப்போது ரோட்டோரம் குத்தவைத்து
கேப்பைப் பிடுங்கினால்
மூன்று நட்டுதான்.
நாலாவதின் இடத்தில்
மரை மட்டும், வெயிலில் பளபளவென்று.
அந்த நட்டு கேப்புக்குள் கிடந்தது.
இத்தனை நேரம் கூப்பிட்டது அதுதான்.
மற்ற மூன்றும் என் சுண்டுவிரலுக்கு அசைந்தன.

ரப்பர் ஷீட் அடுக்கிய பைக்கை நிறுத்தி
ஒருவர் எட்டிப் பார்த்தார்.
"ஆரு மக்களே வேல செஞ்சது?
அவன சும்மா விடப்பிடாது."
விடமாட்டேன் என்றேன்.

ஸ்பானர் டிக்கியில் இருந்தது.
நாலையும் எதிரெதிராய் முறுக்கினேன்,
ஏறி மிதிக்கவில்லை.
பிடிக்க வேண்டிய அளவுக்கு மேல் பிடித்தால்
மரை செத்துப்போகும்.
ஊசி போடும் முன்
கையில் ரப்பர் கட்டிக் கட்டிப் பழகியவளுக்கு
இது புதிதல்ல.
ஆறு வீட்டுக்கும் போனேன்.
கடைசி வீட்டில்தான் என் விரல் நடுங்கியது.
பாலத்தின் மேல் கழன்றிருந்தால் என்று
அப்போதுதான் யோசித்தேன் போல.

அந்த மாதச் சம்பளத்தில்
வெட்டுவெந்நியில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.
எண்பத்தைந்தில் வைத்தால்
எண்பத்தைந்தில் கிளிக் என்னும். அதற்கு மேல்
ஆசையாய் ஒரு இழு இழுக்கக் கூடாது.
உப்புக் காற்றில் சக்கர முகத்தில் ஏறும் துருவை
கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறேன்.
துருவின் மேல் உட்கார்ந்த இறுக்கம்
துரு நொறுங்கினால் போச்சு.
முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும்
போல்ட் முனையிலிருந்து விளிம்புவரை
ரோஸ் நெயில் பாலிஷில் ஒரு கோடு.
கோடு முறிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.
என் நகத்துக்கு இன்னும் போட்டதில்லை.
கேப்பை அன்றே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

இன்று ஷெர்லினின் கல்யாணம், கொட்டாரத்தில்.
நேற்று சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன்.
ஐம்பது கிலோமீட்டர் ஓடியாயிற்று,
ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.
மண்டபத்து வாசலில்,
பட்டுச் சேலையை முட்டிக்கு மேல் செருகிக்கொண்டு.
போட்டோவுக்கு ஆள் தேடுகிறார்கள்.
கிளிக்.
எதிரே, கிளிக்.
மூன்றாவதும் ஆயிற்று.
போன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.