தலையில் இரண்டு புள்ளி

வின்ரர்தூரிலிருந்து வந்த லப்டொப்.
குகதர்சன் மச்சான் பாவித்து முடித்தது.
சொக்லேட்டுக்கும் இரண்டு சேர்ட்டுக்கும் நடுவில்
பார்சலில் படுத்து வந்தது.
கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோச்சு.
எல்லாத்தையும் அழி, பிரச்சினையில்லை என்றான்.

பென்ட்ரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன்.
அதுவும் கேட்டது: எல்லாவற்றையும் அழிக்கவா?
அழித்தால் திரும்ப வராது, யோசித்துச் சொல்.
இப்படி முன்கூட்டிக் கேட்கிற ஒன்றை
அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

கணினிக்கு ஒரு பெயர் வை என்றது.
முதிரை என்றேன். அந்தப் பாரம்.

திரை விழித்தது. நீலம்.
சும்மா நீலமில்லை, தறப்பாள் நீலம்.
அதற்குக் கீழே இரண்டு மாரி இருந்தவள் நான்.
வேறெதையும் தொடமுதல் அதை மாற்றினேன்.
படம் ஒன்றும் வேண்டாம், தவிட்டு நிறம் போதும்.
ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு எழுத்தில் ஒரு குறியாம்;
தவிட்டுக்குக் கிட்ட வர
ஒரு பின்னேரம் முழுதும் போனது.

வானிலைப் பெட்டியில் மல்லாவி இல்லை.
துணுக்காய் இல்லை. மாங்குளமும் இல்லை.
யாழ்ப்பாணத்தை எடு என்றது.
அங்கே பெய்கிற மழையில் எனக்கென்ன?
அமைப்புக் கோப்பைத் திறந்து
அகலாங்கு ஒன்பது தசம் ஒன்று மூன்று,
நெட்டாங்கு எண்பது தசம் மூன்று என்று
நானே எழுதிவிட்டேன்.
இப்போது மூலையில் ஒரு சின்ன முகில்
எங்கள் பெயரோடு.

கோப்பு எழுத விம்தான் திறம் என்றாள்
வவுனியாவில் கணினி படிக்கிற யுகந்தினி.
உள்ளே போய்விட்டேன். வெளியே வரத் தெரியவில்லை.
எஸ்கேப்பை அடித்தேன், அடித்தேன்,
கடைசியில் கரண்ட் நின்றுதான் மீண்டேன்
(பற்றரி எப்போதோ செத்தது).
எனக்கு நானோ போதும்.
வெளியேறும் வழியைக் காலடியிலேயே
எழுதி வைத்திருக்கிறது.

பட்டியை இடப்பக்கம் நகர்த்தினேன்,
வலப்பக்கம் திரையில் வெடிப்பு.
திடீரென்று எழும்புகிற அறிவிப்புகள், தொடக்கச் சத்தம்
எல்லாவற்றையும் நிறுத்தினேன்.
நாலு பணிமேசை தந்தது.
ஒன்றில் சங்கக் கணக்கு, ஒன்றில் பயர்பொக்ஸ்,
ஒன்றில் பாதியில் நிற்கிற படம்.
நாலாவதில் ஒன்றுமில்லை.
சிலவேளை அங்கே போய்ச் சும்மா நிற்பேன்.

மல்லுக்கு நின்றது விசைப்பலகைதான்.
பாமினி பழகிய விரல் எனக்கு.
சுவிஸ்காரரோ இரண்டு விசையை
இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.
ல இருக்கவேண்டிய இடத்தில் ண.
நெல் என்று அடித்தால் நெண்.
பால் மா நாற்பது பெட்டி என்று அடித்தது
பாண் மா நாற்பது பெட்டி என்று அச்சாகி
சங்கத் தலைவர் அருமைத்துரையின் மேசைக்குப் போனது.
"எப்ப பிள்ளை நாங்கள் பேக்கரி துவங்கினது?"

மூன்று இரவு. தகரக் கூரையில் மயில் நடக்க நடக்க
விசைக் கோப்பை வரிவரியாகத் திருத்தினேன்.
பிழைத்த இரவெல்லாம்
'அ' கேட்டால் கேள்விக்குறி வந்தது.
பிறகு ஊசிக்கிளிப்பால் அந்த இரண்டு மூடியையும்
நெம்பி எடுத்து மாற்றிப் பொருத்தினேன்.
ஒன்று இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.

புள்ளி வைக்கிற விசையை மட்டும் தொடவில்லை.
அதில் ஒரு வட்ட எழுத்து,
தலையில் ஏற்கெனவே இரண்டு புள்ளி.
மச்சான் வீடியோவில் பார்த்துச் சிரித்தான்.
அது ஓ இல்லையடி, வேற சத்தம் என்று
உதட்டைக் குவித்துக் குவித்துக் காட்டினான்.

இங்கே அதற்குச் சத்தமில்லை என்றேன்.
ல-வுக்குப் பிறகு அழுத்தினால்
ல் என்று நிற்கும், அவ்வளவுதான்.

பால் மா, நாற்பது பெட்டி.
இரண்டு பெட்டி எலி கடித்தது, கழிவு.