ஈ

வெருகல் ஆறு காட்டுக்குள் வளைந்து
வெயிலை மறந்துபோகும் இடம் ஒன்றிருக்கிறது.
ஈச்சிலம்பற்றிலிருந்து முக்கால் மணித்தியாலம் மோட்டார் சைக்கிள்,
பிறகு நடை.
நாளுக்கு ஏழாயிரம், சோற்றுப் பார்சல் தனி.

முன்னால் நான்.
பின்னால் யோரிஸ், ஒல்லாந்தில் பல்வைத்தியர்,
என் கால் எழும்பிய தடத்தில்
தன் சப்பாத்தை வைத்தபடி.
வருகிற எல்லாரிடமும் இதை முதலில் சொல்லிவிடுவேன்:
பூவோ, வண்ணத்துப்பூச்சியோ, ஆனை லத்தியோ,
எதைப் படமெடுக்கவும் என்னைத் தாண்ட வேண்டாம்.
உண்ணி கடித்தால்கூட நின்ற இடத்திலேயே சொறியுங்கள்.

ஆற்றங்கரையில் பெட்டியைத் திறந்து காட்டினார்.
ஈக்கள். நூற்றுக்கு மேலே.
மான்மயிர், நூல், மயிலிறகுத் துணுக்கு,
உள்ளே ஒரு கொக்கி.
தின்ன ஒன்றுமில்லை.

உங்கள் பாஷையில் இதற்கென்ன பேர்?
ஈ.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான், ஓரெழுத்து. கொடு என்றும் அர்த்தம்.
சிரித்தார். ஒன்றும் கொடுக்காத பூச்சிக்கு
நல்ல பேர்தான் வைத்திருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த தூண்டில் வேறு.
ஈயக்கட்டி, இறால், தொப்பென்ற சத்தம்,
பிறகு வட்டிக்காசை யோசித்துக்கொண்டு குந்தியிருக்கலாம்.
இவர் மருத வேரில் நின்று வீச,
பச்சைக் கயிறு பின்னே போனது,
காற்றில் முழுக்க நிமிர்ந்தது,
ஒரு மூச்சு நின்றது,
முன்னே வந்தது.
ஆறு அறியாமல் ஆற்றின்மேல் ஈ.

நடுவில் நின்ற அந்த மூச்சு எனக்குப் பழக்கம்.
ஆறு வருஷம் இந்தக் காட்டோரம் கண்ணிவெடி எடுத்தேன்.
ஒரு மீற்றர் அகலம் என் உலகம்.
முழங்காலில் நின்று
புல்லை விரலளவு விரலளவாய் வெட்டுவேன்.
கருவி கத்தும்.
கரண்டியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டுவேன்.
பத்துக்கு ஒன்பது, மீன் டின்.
பசியில் யாரோ தின்று எறிந்தது,
எந்தப் பக்கத்து ஆளென்று துரு சொல்லாது.
மற்ற ஒன்று
மீன் டின் இல்லை.

பத்து மணிபோல ஒரு கொடுவா எழும்பிற்று.
ஈயைப் பார்த்தது, நம்பிற்று.
கை நனைத்துக்கொண்டு அதை ஏந்தினார் யோரிஸ்.
வலிக்காது, வலிக்காது என்கிற அதே விரல்கள்.
கொக்கியைக் கழற்றி,
முகத்தை நீரோட்டத்துக்கு நேரே பிடித்து,
செவுள் ஒழுங்காய் அடிக்கும்வரை குனிந்து நின்று,
விட்டார்.
நாலு கிலோ இருக்கும்.
மூதூர்ச் சந்தை விலை என் வாய்வரை வந்து திரும்பிற்று.

மத்தியானம் கச்சான் கிளம்பியது.
பின்னே போன கயிறு வரவில்லை.
இழுத்தார். கிளை குனிந்தது. நூல் அறுந்தது.
விளாத்திக் கொப்பில் செம்மஞ்சளாய் ஈ,
சிவப்புப் பூசிய கல்லுக்கு
அந்தப் பக்கம் நாலடி.
காசு முடிந்து நாங்கள் விட்டுவந்த துண்டு அது.
மகள் கட்டின முதல் ஈ என்று ஏதோ சொல்லிக்கொண்டே
கால் தூக்கினார்.

நில்!

தமிழில்தான் வந்தது. விளங்கிற்று அவருக்கு.
தூக்கின கால் தூக்கினபடி
கொக்கு மாதிரி நின்றார்,
நான் இடுப்புப் பட்டியைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும்வரை.

பார்சலைப் பிரித்தோம். சோறு இறங்கவில்லை இருவருக்கும்.
எப்போது எடுக்கலாம் என்றார்.
காசு வந்தால் என்றேன்.
எவ்வளவு காசு என்றார்.
சொன்னேன்.
பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன கிழமை வேறொருவரைக் கூட்டிப்போனேன்.
ஈ அங்கேதான், கொஞ்சம் வெளுத்து.
ஒரு தையல்சிட்டு அதன் நூலை உருவிக்கொண்டிருந்தது.
போதுமான அளவு கிடைத்ததும்
கல்லுக்கு அந்தப் பக்கம் நிலத்தில் இறங்கி,
இரண்டு எட்டுத் தத்தி,
பறந்தது.