சாய்கோடு

பாயான் லெப்பாஸ், மாதக் கடைசி, இரவு இரண்டு மணி.
ஆலையின் மூன்றாம் மாடியில்
குளிர்சாதனத்துக்கும் எனக்கும் மட்டும் வேலை.
பையில் கட்டிய கோப்பி-ஓ
இழுப்பறைக் கைப்பிடியில் தொங்குகிறது.

சம்பளச் சீட்டு இருநூற்றுப் பதினான்கு வரவேண்டும்.
வந்தவை நூற்று ஐம்பத்து மூன்று.
திரையின் கடைசி வரியோ
"சியாப்" என்கிறது.
முடிந்ததாம்.

ஸ்கிரிப்ட் லிம் கா ஹெங் எழுதியது.
அவர் சிங்கப்பூர் போய் ஒன்பது வருஷம்.
கோப்புக்கு எண் வேண்டாம், ஆள் பெயர் போடு
என்றார் அசீசா.
போட்டவள் நான். ஒரே வரி.

பதினொரு மணிக்கு முதல் ஓட்டத்தில்
எல்லாரும் துண்டு துண்டு.
அசீசா பிந்தி ஒஸ்மான் மூன்று பேர்.
ஏட்டுச்சுவடியில் இடைவெளியே கிடையாது,
பிரித்துப் படிப்பது படிப்பவர் பாடு.
ஷெல்லோ இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும்,
மேற்கோள்குறிக்குள் பொத்தி வைத்தாலொழிய.
பொத்தினேன். ஒட்டிக்கொண்டார்கள்,

அறுபத்தொரு பேரைத் தவிர.
தயாநிதி ஏ/எல் சின்னப்பன்.
புவனலோசினி ஏ/பி காத்தையா.
லோகமணி ஏ/பி நாகப்பன், அது நான்.
இந்த உலகத்தில் சாய்கோடு
பெயரின் எழுத்தல்ல, கதவு.
"லோகமணி ஏ" என்றோர் அறையைத் தேடிப் போய்
இல்லையென்று திரும்பி
அடுத்த ஆளிடம் போய்விட்டது.
முனகியிருக்கும். முனகலையெல்லாம்
அடியில்லாக் குழிக்குத் திருப்பி வைத்திருந்தார் லிம்.

தடுக்கினாலும் நிற்காதே என்பது
வகுத்தவர்கள் எடுத்த முடிவு.
முழுசாகக் குறை சொல்ல மனசில்லை.
விசைப்பலகை முன்னால் ஓர் ஆள் இருப்பார்,
ஒரு எழுத்துப் பிழைக்காக
அவரை வாசலுக்குத் தள்ளக்கூடாது என்று
நினைத்திருக்கிறார்கள்.
அதே மரியாதையை
ஆளில்லாத இரவுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

வென்றால் பூஜ்யம் தரும்.
தோற்க இருநூற்று ஐம்பத்தைந்து எண்கள்,
வெல்ல ஒன்றே ஒன்று.
(நாலாம் படிவக் கணக்குப் பரீட்சையில்
இது தெரியாமல் போனது.)
ஆனால் கடைசிக் கட்டளைதான் கணக்கு.
அறுபத்தொரு முறை விழுந்தபின்
"சியாப்" என்று சொல்ல வந்ததால்
மொத்தமும் பூஜ்யம், மொத்தமும் வெற்றி.

அசீசாவும் தூங்கவில்லை போலும், செய்தி வந்தது:
கோட்டை மட்டும் எடுத்துவிடேன், லோகா.
வங்கி எடுத்துவிட்டது. விமானச் சீட்டும்
ஏபி என்று ஒட்டித்தான் அடிக்கிறது.
நாகப்பனோடு நான் பேசி நாலு வருஷம்.
இருந்தாலும்
அந்தக் கோட்டை எடுக்கவேண்டியது ஷெல் அல்ல.

கோப்புக்கு மறுபடி எண்.
பெயர் உள்ளே, சீட்டின் தலையில், கோட்டோடு.
இஃப் என்று திறந்ததை ஃபி என்று
தலைகீழாகச் சாத்தினேன்,
யார் செய்த குறும்போ, ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.
உச்சியில் ஒரு வரி சேர்த்தேன்:
விழுந்தால் நில்.
இல்லாததைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நில்.
சியாப்பை அழித்தேன்.

நாலு நாற்பது. ஓட்டினேன்.
திரையில் ஒரு சொல் இல்லை,
கர்சர் மட்டும் சிமிட்டுகிறது.
பேசாமலிருந்தால் எல்லாம் நலம் என்பது
இதன் பாஷை.
எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு.

நம்பாமல் எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.
என்னுடையதைத் திறந்தேன்.
ஓவர்டைம் இரண்டு மணி குறைகிறது.
அது ஸ்கிரிப்டின் தப்பில்லை.