திரும்பப் பெற்ற நாள்

ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில் ஏழு கட்டம்.
பொருளின் பெயர், பெற்றவர் கையெழுத்து,
கடைசிக்கு முந்தியது: திரும்பப் பெற்ற நாள்.
பதினோரு வருஷமாக நான்தான் நிரப்புகிறேன்.
லத்தி, கேடயம், கண்ணீர்ப்புகைக் குண்டு,
தேர்தலுக்குப் போன கயிற்றுச் சுருள்.

அன்று ராத்திரி ஒன்று நாற்பது.
தஸ்தகீர் அண்ணன் செருப்போடு வந்து நின்றார்.
சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.
காட்பாடியில் பார்சல் ஆபீஸ் பக்கம் வெடித்துவிட்டதாம்,
நாலாம் நடைமேடையில் இன்னொரு பை கிடக்கிறதாம்.
"எழுதும்மா சீக்கிரம்" என்றவர்
நான் எழுதுமுன் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.
கவச உடை ஒன்று, முப்பத்தெட்டு கிலோ.
தலைக்கவசம் ஒன்று.
பேனா அவர் பையிலேயே போய்விட்டது.
அது கணக்கில் இல்லை.

மற்றதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது.
வைத்தியத்துக்கு வேலூர் வந்த வங்காளத்து ஜனம்
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு பிடித்துத்
தூணடியில் ஒடுங்கிக் கிடந்ததாம்.
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாதவர்கள்,
தெரிந்தாலும் ஓட முடியாதவர்கள்.
கவசத்துக்குள்ளிருந்து அவர் கத்தியது
கிணற்றுக்குள் பேசியதுபோல் இருந்திருக்கிறது.
அதனால் கழற்றினார்.
பேரணாம்பட்டு உருது அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ,
முகம் புரிந்தது.
பதினேழு பேர் மேம்பாலப் படியேறினார்கள்.
பதினெட்டாவது ஆள் நடக்கமாட்டாதவர்,
இடுப்பில் மூத்திரப் பை.
அவரைச் சாமான் வண்டியில் தூக்கி வைத்து,
தலைக்கவசத்தை அவர் மடியில் வைத்து,
தள்ளு தள்ளு என்றாராம் போர்ட்டரிடம்.

பிறகு பை இருந்த பக்கம் திரும்பினார்.

விடிந்ததும் அந்தப் போர்ட்டர்
துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.
எழுதினேன்:
தலைக்கவசம் ஒன்று. திரும்பப் பெற்றது.
நல்ல நிலை. கீறல் இல்லை.
கீறல் இல்லை என்று எழுதிய கை இது.

கவச உடைக்கு நேரே காலியாக ஒரு கட்டம்.
தணிக்கைக்கு வருகிறவர் வருஷா வருஷம்
சிவப்பு மையில் 'நிலுவை' என்று எழுதிப் போகிறார்.
அவர்மேல் குற்றமில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு கேலிப் பேச்சு உண்டு:
தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
சாமி எப்போதோ கோட்டைக்குத் திரும்பிவிட்டார்.
பாலாறுகூட ஒரு ஐப்பசியில்
இரு கரை முட்டி வந்தது;
வண்டியை நிறுத்திப் பாலத்தில் நின்று பார்த்தோம்.
வந்துவிடும் போலிருக்கிறது எல்லாம்,
கொஞ்சம் தாமதமாக.
அப்படி நினைத்துத்தான் நானும்
அந்தப் பக்கத்தை இன்னும் மூடவில்லை.

வீரவணக்க நாள். ஆயுதப்படை மைதானம்.
ராத்திரி மழையில் புல் நனைந்திருந்தது.
மலர்வளையம், ஊதுகொம்பு, பேச்சு.
பேச்சில் தியாகம் வந்தது, தேசம் வந்தது.
மாறிப் போட்ட பொத்தான் வரவில்லை.
இருபது துப்பாக்கி, மூன்று முறை வானத்தை நோக்கி.
வேம்பிலிருந்த காக்கை மொத்தமும் எழுந்து
முதல் வெடிக்குப் பதறி,
மூன்றாவதற்குப் பழகிவிட்டது.

அறுபது வெற்றுத் தோட்டா கொடுத்திருந்தேன்.
அறுபது கூடு திரும்ப வரவேண்டும்.
மண்டியிட்டுப் பொறுக்கினேன்: ஐம்பத்தொன்பது.
நிமிர்ந்தால் ஷமீலா, அவர் மகள்,
பள்ளிச் சீருடையில், வலது கை மூடியிருக்க.
விரலிடுக்கில் பித்தளை மினுங்கியது.
இன்னும் சூடாக இருந்திருக்கும்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் புல்லைப் பார்த்தேன்.

மெமோ வந்தது, விளக்கம் கேட்டு.
'தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுதினேன்.
பதினோரு வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய்.
கையெழுத்துக்கு ஆய்வாளர் தன் பேனாவை நீட்டினார்.
போட்டு முடித்ததும்
மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.