இரண்டு முறை உப்பு

செவ்வாய்க்கிழமைக்கென்று ஒரு சமையல் உண்டு,
புத்தகம் பார்க்க வேண்டாத சமையல்.
நெத்திலி டப்பா ஒன்று,
பூண்டு நாலு பல்,
முந்தாநாள் ரொட்டியைத் துருவிய தூள்,
பசிக்குத் தக்க பாஸ்தா.
தண்ணீர் கொதிப்பதற்குள் உடை மாற்றிக்கொள்ளலாம்,
பாஸ்தா வேகும் பத்து நிமிடத்தில்
மற்றதெல்லாம் முடிந்துவிடும்.

துறைமுகக் கிடங்கில் நாளெல்லாம்
காப்பிக்கொட்டை மூட்டைகளை நிறுப்பவள் நான்.
வீட்டில் எதையும் நிறுப்பதில்லை.
உப்பு மட்டும் கைப்பிடிக் கணக்கு.

அன்று ட்ரியெஸ்தேயில் போரா வீசியது.
மலையிலிருந்து இறங்கிக்
கடலுக்குள் பாய்கிற காற்று அது.
குப்பைத் தொட்டிகள் தாமாகவே தெருவைக் கடந்தன.
ஸ்கூட்டர்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

லிவியோவும் நானும் பேசி மூன்று நாளாகியிருந்தது.
காரணம் சின்னது,
என்னைக் கேட்காமல் காரை விற்றுவிட்டான்.
சரி, சின்னதில்லை.

ஏழரைக்குக் கதவைத் திறந்தால்
அவன் பின்னால் இரண்டு பேர்.
காற்றுக்குப் பயந்து பேருந்தை நிறுத்திவிட்டு வந்த
ஓட்டுநர் துல்லியோ,
அந்தப் பேருந்தின் கடைசிப் பயணி
மாரிஸ்தெல்லா, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
"இவர்களும் சாப்பிடுவார்கள்" என்றான் லிவியோ,
என்னிடம் அல்ல,
கோட்டு மாட்டும் ஆணியிடம்.

இருவருக்கான பானையை எடுத்து வைத்துவிட்டுப்
பெரிய பானையை இறக்கினேன்.
ஒரு கைப்பிடி உப்பு.
எதிர்வீட்டில் முக்காலி கேட்கப் போனேன்.
அந்த நேரம் பார்த்து அவன் அடுப்படிக்கு வந்திருக்கிறான்.
அவனுக்கும் ஒரு கை இருக்கிறது.

எண்ணெய் காய்ந்தது. நெத்திலியைப் போட்டு
மரக்கரண்டியால் மெல்ல அழுத்த,
மீன் என்கிற அடையாளமே இல்லாமல் கரைந்தது.
ரொட்டித்தூள் சிவந்து வாசம் கிளம்பியதும்
பாஸ்தாவை அள்ளிப் போட்டுப் புரட்டினேன்.
ருசி பார்க்கவில்லை.
கோபத்தில் சமைப்பவர்கள் ருசி பார்ப்பதில்லை.

மேசை போதவில்லை.
இஸ்திரிப் பலகையைத் தாழ்த்தி
அதன்மேல் விரிப்பைப் போட்டேன்.
தட்டுகளில் ஒன்றுக்கொன்று உறவில்லை.
யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் வாய்.
வெளியே காற்று, உள்ளே அதைவிட அமைதி.
சிவப்பு விளக்கில் மாட்டியவர் போல
துல்லியோ அசையாமல் இருந்தார்.
பிறகு மரியாதையாகச் சொன்னார்:
"கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, தெரியும்.
தட்டு வரைக்கும் வருமென்று நினைக்கவில்லை."

நான் லிவியோவைப் பார்த்தேன்.
"நீயும் போட்டாயா?"
"நீயும்?"
மூன்று நாளில் முதல் பேச்சு
உப்பைப் பற்றியதாக இருந்தது.

மாரிஸ்தெல்லாதான் முதலில் சிரித்தாள்,
முள்கரண்டி கீழே விழும்படி.
அப்புறம் நாலு பேரும் அடுப்படியில்.
சுடுதண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் அலசினோம்.
பாவம், என் ரொட்டித்தூள் போயே போய்விட்டது.
நேற்று அவித்த உருளைக்கிழங்கு இரண்டு,
உப்பில்லாத ரிக்கோட்டா பாதிக் கிண்ணம்.
அவள் எலுமிச்சை பிழிந்தாள், கொட்டையும் விழுந்தது.
துல்லியோ ஒவ்வொரு முறையும் ருசி பார்த்து
"இன்னும் இரண்டு நிறுத்தம்" என்றார்.
இறங்குமிடம் வந்தபோது மணி ஒன்பது.
அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை,
சட்டியில் மிச்சமும் இல்லை.

அவர்கள் போனபின் அவன் கழுவினான்,
நான் துடைத்தேன்.
"கார்..." என்று ஆரம்பித்தான்.
"நாளைக்கு" என்றேன்.

ஒரு விதி மட்டும் அன்றே போட்டோம்,
உப்புப் போட்டவர்
மூடிமேல் கரண்டியைக் கவிழ்த்து வைக்கவேண்டும்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால்
கரண்டி கவிழ்ந்திருந்தது.
நம்பி விட்டுவிட்டேன்.

சூப்பில் உப்பே இல்லை.