கடல் பார்த்த அறை

முகவரிப் படிவத்தில்
இராயபுரம் என்று எழுதினேன்.
வரவேற்பில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.
'ஃப்ளைட் லேட்டா, மேடம்?'
ஷேர் ஆட்டோவில் வந்தேன்,
சில்லறை இல்லையென்று சண்டைகூடப் போட்டேன்
என்பதையெல்லாம் சொல்லவில்லை.
சிரித்து வைத்தேன்.

ஹாம்பர்க்கிலிருந்து வரவேண்டிய சர்வேயர் வரவில்லை.
அவர் பார்க்கவேண்டிய கப்பலே
கொழும்பில் நிற்கிறது.
கட்டிய பணம் திரும்பாது என்றார்கள்.
'வீணாப் போறதுக்கு
நீயே போய்ப் படுத்து எந்திரிச்சு வாம்மா'
என்று புக்கிங் தாளை
ஃபைல்களின் மேல் எறிந்தார் முதலாளி.
பதினாறு வருஷத்தில்
கேட்காமல் அவர் கொடுத்தது
இந்த ஒரு ராத்திரி.

அட்டையைச் செருகினால்தான் விளக்கெரியும் என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் இருட்டிலேயே நின்றேன்.
அதனால்தான் தெரிந்தது:
சுவர் முழுக்கத் துறைமுகம்.

தம்புச் செட்டித் தெருவில் என் மேசைக்கு
ஜன்னல் கிடையாது.
கப்பல் என்றால் எனக்குப் பெயர்.
பெட்டி என்றால்
நாலு எழுத்து, ஏழு இலக்கம், ஒரு சீல்.
முந்திரிக்கொட்டை, பழைய டயர்,
எடையைத் தப்பாக அடித்து
நான் அபராதம் வாங்கித் தந்த காகிதக்கூழ்,
எல்லாம் இதோ,
தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடையில்
மடித்து அடுக்கின மாதிரி.
இத்தனை நிறம் இருக்குமென்று
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கண்ணாடி திறக்காது.
பிடியைத் தேடி
விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தேன்.
மீன் வாடை இல்லை. கரித்தூள் இல்லை.
கிரேன் ஒன்று பெட்டியை இறக்குகிறது,
சத்தமே இல்லை.
என் ஊரை யாரோ கழுவித் துடைத்து
ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.
அதற்குத்தான் நாலாயிரம் கூடுதலாம்.
தெருப் பக்கம் பார்த்த அறை மலிவு.

குளியல் தொட்டியைப் பார்த்ததும்
மனசு தானாகக் கணக்குப் போட்டது:
பதினெட்டுக் குடம்.
பாதியோடு குழாயை மூடினேன்.
அப்புறம் ஏனோ கோபம் வந்தது,
மீதியையும் திறந்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு பிரிட்டோ கூப்பிட்டான்.
'எப்பிடி இருக்குது லூர்து?'
'தலகாணிக்கு மெனு கார்டு குடுக்கறாங்க.
நீ எங்க இருக்க?'
'ஜீரோ கேட்டுக்கு முன்னால.
இன்னும் நாப்பது வண்டி. மத்தியானத்துலேர்ந்து.'
'சாப்டியா?'
'பன்னு.'

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன்.
வடக்கே, கடலோரமாய்,
விளக்கணைத்த டிரெய்லர்களின் வரிசை
காசிமேடு தாண்டி எங்கோ போய் முடிந்தது.
'ரோடு தெரியுதுடா. ஹெட்லைட்ட மூணு தடவ அடி.'
'பைத்தியமாடி நீ?'

அடித்தான்.
பின்னால் இருந்தவன் என்ன நினைத்தானோ
அவனும் அடித்தான்.
அதற்கும் பின்னால் ஒருவன்,
அப்புறம் பத்து, இருபது.
கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்று
நினைத்திருப்பார்கள்.
வரிசை முழுக்க ஒரு வெளிச்சம் ஓடி
எண்ணூர்ப் பக்கம் போய் அணைந்தது.
ஒரு வண்டியும் நகரவில்லை.

'பாத்தியா?' என்றான்.
'ஏண்டி, எல்லாவனும் இப்ப என்ன திட்றான்.'
பார்த்தேன் என்றேன்.
எது அவன் என்று தெரியவில்லை.

திரையை மூட ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தாமலே படுத்தேன்.
இரண்டு மணிக்கு விழித்தபோது
வரிசை ஆறு வண்டி நகர்ந்திருந்தது,
இல்லை ஐந்து.
மேலிருந்து எண்ணுவது
நினைத்த அளவு சுலபமில்லை.
விரலைக் கண்ணாடியில் வைத்து
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.