ஏழாம் தொட்டி

எலாடியா எடைமேடைக்காரி.
ரெக்கேனாவுக்கு மேற்கே, கூட்டுறவு ஆலை வாசலில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மின் அடுப்பு,
கார்பன் தாள் செருகிய சீட்டுப் புத்தகம்.
செப்டம்பர் கடைசியில் டிராக்டர்கள் வரிசை கட்டும்.
சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே
லெயாந்திரோ கேட்பான்: "எவ்வளவு?"
"நாலாயிரத்து இருநூறு."
"கல்லையும் சேர்த்தா?"
"உன்னையும் சேர்த்து. இறங்கு."

கொத்தைத் தூக்கிப் பார்த்தால் காளையின் முகமாம்,
அதனால்தான் பழத்துக்குப் பொபல் என்று பேராம்.
நெருக்கியடித்த மணிகள். தடித்த தோல்.
கடித்ததும் புளிப்பு, பின்னாலேயே
நாக்கின் இரு ஓரத்தையும் இழுத்துக் கட்டும் துவர்ப்பு.
கடலிலிருந்து எழுநூறு மீட்டர் ஏறிய மேட்டுநிலம்:
பகலில் கல் பொரியும்,
இரவில் அதே கல்லில் உட்கார முடியாது.
கொடிக்குக் கம்பி கிடையாது, பந்தல் கிடையாது,
முழங்கால் உயரத்தில் முஷ்டி மடக்கி நிற்கும்.
ஏப்ரல் உறைபனி வந்து தேடும்போது
அது இன்னும் கண் விழித்திருக்காது.
வேர் தின்னும் பூச்சி மற்ற ஊர்களை மொட்டையடித்துவிட்டு
கடைசியாக இங்கே வந்து
இதனிடம்தான் சற்றுத் திணறியதாம்.

இவ்வளவு இருந்தும்
எலாடியாவின் சீட்டில் நாலே கட்டம்:
எடை. டிகிரி. நிறம். வண்டி எண்.

ஒரு தொட்டியின் சாற்றை வெளிறியபடியே வடித்துவிட்டு
மிஞ்சிய தோலை அடுத்த தொட்டியில் கொட்டுவார்கள்,
கிண்ணத்தின் மறுபக்கம் தெரியாதபடி கறுக்கும்வரை.
இரவு ஒன்பதுக்கு டேங்கர் வரும்,
எங்கோ சோகை பிடித்த மதுவுக்கு
ரத்தம் எடுத்துப்போக.
ஓட்டுநர் பாஸ்குவாலிடம் எங்கே என்று கேட்டால்
"துறைமுகம்" என்பான்.
"அதற்கப்புறம் கடலைக் கேள்."

புருஷன் வழி உறவில் பில்பாவோவில் ஒரு கல்யாணம்.
வெள்ளை விரிப்பு, பொன்னெழுத்து லேபிள்,
ஊற்றியவன் கையில் உறை.
பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு
"செர்ரி... பழைய மரப்பெட்டி... ஒரு நதிக்கரை" என்றார்.
எலாடியா குடித்தாள்.
செர்ரி இருந்தது. பெட்டியும் இருந்தது.
நதியைப் பற்றி அவளுக்குத் தெரியாது.
எல்லாவற்றுக்கும் அடியில்
பந்தியில் கடைசி வரிசையில் உட்கார வைத்த
சொந்தக்காரன் போல ஒன்று இருந்தது.
ஒரு சொட்டை விரிப்பில் சிந்தினாள், வேண்டுமென்றே.
ஓரம் ஊதா.
சோப்புக்கு மசியாத, அவள் கட்டைவிரல்
ஒவ்வொரு சீட்டிலும் ஒற்றிவிடும் ஊதா.
மணமக்களை வாழ்த்த எல்லோரும் எழுந்தபோது
கிண்ணத்துக்குள் குனிந்து மெல்லக் கேட்டாள்:
"ஏழாம் தொட்டியா நீ?"

அந்த இலையுதிர்காலம்
மூன்று பிரதியிலும் அழுத்தி எழுதினாள்: பொபல்.
"இதற்குக் கட்டம் இல்லையே" என்றான் பாஸ்குவால்.
"அதனால்தான் ஓரத்தில்."
அன்று ஏழாம் தொட்டியின் பம்பு பழுது.
அடுத்த வாரமும் பழுது.
மூன்று வருடம் பழுது.
நிர்வாகக் குழு இரண்டு முறை கடிதம் போட்டது,
மெக்கானிக் எலாடியாவின் மைத்துனன்.

மலை இடுக்கில் பாறையைக் குடைந்த தொட்டிகள் உண்டு.
ரோமர் வருமுன்னே யாரோ அங்கே பழம் மிதித்தார்கள்.
அவர்கள் எழுத்தை ஓசை பிசகாமல் வாசிக்கலாம்,
பொருள் மட்டும் யாருக்கும் பிடிபடாது.
பால் கேனில் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிறு அங்கே போனோம்,
ரொட்டி, மிளகாய்த்தூள் சிவந்த தொத்திறைச்சி,
ஆலை வேதியியல்காரி சொலெடாட், நான்.
துவர்ப்பு போய்விடவில்லை,
உட்காரக் கற்றுக்கொண்டிருந்தது.
கருநாவல் நிறம். நசுக்கிய ரோஸ்மேரி.
மழைக்கு முன் இரும்புக் கேட்டைத் தொட்ட விரல் வாசம்.
சொலெடாட் குறிப்பேட்டைத் திறந்தாள், எதையும் எழுதவில்லை.
லெயாந்திரோ இரண்டாம் கிண்ணத்தை நீட்டினான்.
"எவ்வளவு?"
"எடை போடவில்லை" என்றாள் எலாடியா.
தூரத்தில் ஆலங்கட்டி மேகம் ஒன்று திரண்டது.
அவன் தோட்டத்துப் பக்கம்தான்.
அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தான்.